காலண்டரைப் படிக்க ஆணியைப் பார்க்கும் கண்

பெரியவருக்குக் கண் தெரியவில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள். ஆனால் வரப்பில் தடுமாறாமல் நடக்கிறார். திண்ணையில் உட்கார்ந்தபடியே மாடு கொல்லைப் பக்கம் திரும்பிவிட்டதைச் சொல்கிறார். காலடியில் பூரான் ஓடினால் சட்டென்று காலைத் தூக்கிக்கொள்கிறார். காபி டம்ளரோடு எதிரே வந்து நிற்கிற மருமகளை மட்டும், அவள் வாயைத் திறந்து “மாமா” என்று சொல்லும்வரை யாரென்று தெரிவதில்லை. “வேணும்னா தெரியும், வேணாம்னா தெரியாது, நல்ல கண்ணு போங்க” என்று அடுக்களையில் ஒரு பேச்சு கிளம்பிவிடும்.

அவர் நடிக்கவில்லை. விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுப்போனவர்களுக்குப் பார்வை இப்படித்தான் இருக்கும். சுற்றிலும் தெரியும், நடுவில் தெரியாது. நோயின் பெயரையும் மாத்திரையையும் ஆஸ்பத்திரியில் சொல்லிவிடுவார்கள். நடு போன பிறகு கண் எப்படி நகர்கிறது, எங்கே போய் நிற்கிறது, ஏன் நம் முகத்தைப் பார்க்காமல் தோளுக்கு மேலே பார்க்கிறது என்பதை யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. வீட்டில் வரும் மனத்தாங்கல் பாதி அதனால்தான். அதனால் இங்கே கண்ணின் நகர்வைப் பற்றியே அதிகம் பேசப்போகிறேன்.

நகத்தளவு கூர்மை

கண்ணுக்குள் பின்பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வுதான் விழித்திரை. அதன் நடுவில் சுமார் 5.5 மில்லிமீட்டர் அகலமுள்ள பகுதிக்கு மாக்குலா என்று பெயர். அதற்கும் நடுவில் 1.5 மில்லிமீட்டரில் ஒரு சின்னப் பள்ளம் உண்டு, அது ஃபோவியா. நிறத்தையும் நுணுக்கத்தையும் அறியும் கூம்பு செல்கள் அங்கேதான் நெருக்கி அடுக்கப்பட்டிருக்கின்றன. அங்கிருந்து விலக விலக அவை கிடுகிடுவென்று குறைந்துபோகும். முகத்தை அடையாளம் காண்பது, எழுத்தைப் படிப்பது, ஊசியில் நூல் கோப்பது, முறத்தில் அரிசிக்கு நடுவே கிடக்கும் கல்லைப் பொறுக்குவது எல்லாம் இந்தச் சின்ன இடத்தின் வேலை.

எவ்வளவு சின்னது என்று பார்க்க வேண்டுமானால் கையை முழுதாக நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்துங்கள். அந்த நகத்தின் அகலம் கண்ணுக்கு ஏறக்குறைய 2 பாகை (பாகை என்றால் கோணத்தை அளக்கும் டிகிரி). எந்த நேரத்திலும் நமக்கு உண்மையிலேயே கூர்மையாகத் தெரிவது கிட்டத்தட்ட அவ்வளவுதான். நம்பிக்கை வரவில்லையா? இந்த வரியின் நடுவில் ஏதாவது ஒரு எழுத்தில் கண்ணை நிறுத்திக்கொண்டு, துளியும் அசைக்காமல், நான்கு சொல் தள்ளி என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். ஏதோ எழுத்து இருக்கிறது என்று தெரியும், என்ன எழுத்து என்று தெரியாது.

அப்படியானால் உலகம் முழுவதும் தெளிவாக இருப்பதாக ஏன் தோன்றுகிறது? கண் ஓடிக்கொண்டே இருப்பதால். முறைப் பாசனத்தில் நம் வயலுக்கு நடுராத்திரியில் தண்ணீர் வரும். டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு மடையைப் பார்க்கப் போனவர்களுக்குத் தெரியும். வெளிச்ச வட்டம் சின்னதுதான், ஆனால் அதை வரப்பு, மடை, வாய்க்கால் என்று மாற்றி மாற்றி அடித்தால் வயல் முழுதும் மனசில் வந்துவிடும். ஃபோவியா அந்த வட்டம். பழைய டார்ச்சின் தலையைத் திருகினால் வட்டத்துக்கு நடுவே இருட்டாக ஒரு ஓட்டை விழுமே, மாக்குலா நோய் வந்த கண்ணுக்கு அதுதான் நிலைமை. எதன் மேல் அடித்தாலும் அது ஓட்டைக்குள் போய்விடுகிறது.

கண் வழுக்கிக்கொண்டு போவதில்லை, தாவுகிறது

படிக்கும்போது கண் வரியின் மேல் சீராக ஊர்ந்து போவதாகத்தான் எல்லோரும் நினைப்போம். உண்மையில் அது நின்று நின்று தாவுகிறது. 1870களின் இறுதியில் பாரிஸில் லூயி எமில் ஜவால் என்ற கண் மருத்துவரின் ஆய்வுக்கூடத்தில் இதைக் கவனித்துப் பதிவு செய்தார்கள். (அந்த ஜவாலுக்கே பின்னாளில் கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோயில் பார்வை போய்விட்டது.) ஒவ்வொரு நிறுத்தமும் சுமார் கால் விநாடி. ஒரு தாவலுக்கு 20 முதல் 40 மில்லி விநாடி. நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் விநாடிக்கு மூன்று நான்கு தாவல்கள் நடந்துகொண்டே இருக்கின்றன. மருத்துவத்தில் இதை சக்கேட் என்பார்கள்.

தாவும் நேரத்தில் பார்வையை மூளை அமுக்கிவிடுகிறது. கண்ணாடி முன் நின்று உங்கள் இடது கண்ணையும் வலது கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். கண் நகர்வது உங்களுக்குத் தெரியவே தெரியாது. பக்கத்தில் நிற்பவருக்கு நன்றாகத் தெரியும்.

இன்னொன்று, நின்றுவிட்டதாக நாம் நினைக்கும் கண்ணும் நிற்பதில்லை. மெல்ல நழுவும், சின்னதாக ஒரு தாவல் போட்டுத் திரும்பும், நடுங்கும். படம் விழித்திரையின் ஒரே இடத்தில் அசையாமல் விழுந்தால் சில விநாடிகளில் மங்கி மறைந்துவிடும் என்பதை 1950களில் சோதனைகளில் காட்டியிருக்கிறார்கள். ஆக, கொஞ்சம் அசைவு வேண்டும், அதிக அசைவு கூடாது. நல்ல கண்ணில் இந்த அசைவு ஒரு பாகைக்கும் குறைவான இடத்துக்குள் அடங்கிவிடும்.

இத்தனை தாவலும் எங்கே போய் முடிகிறது? பார்க்க வேண்டிய பொருள் ஃபோவியாவில் வந்து விழும்படி முடிகிறது. ஓரப் பார்வையில் ஏதோ அசைந்தால், அது நடுவிலிருந்து எத்தனை பாகை, எந்தத் திசை என்று மூளை கணக்குப் போட்டு, கண்ணை அத்தனை பாகை திருப்பச் சொல்லித் தசைகளுக்கு உத்தரவு கொடுக்கிறது. சிறுமூளை அந்தக் கணக்கில் வரும் பிழையைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. இந்தக் கணக்கு முழுவதற்கும் ஃபோவியாதான் பூஜ்யம். குழந்தையாக இருக்கும்போது பழகிய பழக்கம் இது. யோசித்துச் செய்வதல்ல.

நடு கெட்டால்

மாக்குலாவைக் கெடுக்கும் நோய்கள் பல. வயதானவர்களுக்கு வருவது மாக்குலா சிதைவு. அதில் மெல்ல மெல்லச் செல்கள் தேயும் உலர் வகை ஒன்று, விழித்திரைக்கு அடியில் புது ரத்தக்குழாய்கள் முளைத்துக் கசியும் ஈர வகை ஒன்று. சர்க்கரை நோயால் மாக்குலாவில் நீர் கோத்துக்கொள்வது நம் பக்கம் நிறைய. அதிகமான கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கும் நடு தேயலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு வருவது ஸ்டார்கார்ட் நோய். 1909-இல் கார்ல் ஸ்டார்கார்ட் என்ற ஜெர்மன் மருத்துவர் விவரித்தது. பெரும்பாலும் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் ஒரு குறையுள்ள மரபணு வந்து சேர்ந்தால்தான் பிள்ளைக்கு வரும். மாமன் மகள், அத்தை மகன் என்று உறவுக்குள் பெண் எடுக்கும் குடும்பங்களில் அப்படிச் சேர வாய்ப்பு கூடுதல்.

இவை எதுவும் புரை இல்லை. புரை என்பது கண்ணின் முன்பக்கத்து லென்ஸ் மங்குவது, அதை எடுத்துவிட்டு வேறு லென்ஸ் வைக்கலாம். மாக்குலா பின்சுவரில் இருப்பது. “ஆபரேஷன் பண்ணியும் தெரியல” என்று டாக்டரைத் திட்டுகிறவர்களில் சிலருக்குப் புரை போன பிறகுதான் பின்னால் மாக்குலா கெட்டிருப்பதே தெரிய வரும். கண்ணாடியை மாற்றினாலும் அது சரியாகாது.

நடு கெட்டவருக்கு முன்னால் கறுப்பு வட்டம் தெரியும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். சிலருக்குத் தெரியும். பலருக்குத் தெரியாது. ஓட்டையைச் சுற்றியுள்ளதை வைத்து மூளை நிரப்பிவிடுகிறது. நமக்கும் ஒவ்வொரு கண்ணிலும் நரம்பு வெளியேறும் இடத்தில், நடுவிலிருந்து சுமார் 15 பாகை தள்ளி, ஒரு குருட்டுப் புள்ளி இருக்கிறது. என்றைக்காவது அதைக் கண்டோமா? அதே மாதிரிதான். சுவர் இருந்தால் ஓட்டையும் சுவராகவே தெரியும், அதில் தொங்கும் கடிகாரம் மட்டும் இருக்காது. தட்டில் சோறு தெரியும், ஓரத்தில் வைத்த ஊறுகாயை நேராகப் பார்த்தால் அது காணாமல் போகும், தலையைத் திருப்பினால் வந்துவிடும். “ஊறுகாய் வைக்கலியா?” என்று கேட்டுவிட்டு அடுத்த நொடியே அதை எடுத்துச் சாப்பிடுகிறவரைப் பார்த்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது!

இப்போது கண்ணின் நகர்வை இதோடு சேர்த்துப் பாருங்கள். ஓரத்தில் ஏதோ தெரிகிறது. ஐம்பது அறுபது வருஷப் பழக்கத்தில் கண் அதன் மேல் தாவுகிறது. தாவிய இடத்தில் ஃபோவியா செத்துக் கிடக்கிறது. பொருள் மறைந்துவிடுகிறது. கண்ணை எடுத்தால் மறுபடி ஓரத்தில் தெரிகிறது. மறுபடி தாவுகிறது, மறுபடி மறைகிறது. நோயின் ஆரம்பத்தில் நோயாளிகள் படும் அலுப்பும் எரிச்சலும் பெரும்பாலும் இதனால்தான். கண் சொன்னபடி கேட்கிறது, அதுதான் சிக்கல்.

மாற்று மையம்

அப்புறம் மெதுவாக ஒரு காரியம் நடக்கிறது. ஓட்டையின் கரைக்கு வெளியே, விழித்திரையில் இன்னும் நன்றாக இருக்கும் ஓரிடத்தைக் கண் தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. பார்க்க வேண்டியதை அங்கே கொண்டுபோய் நிறுத்தப் பழகுகிறது. மருத்துவர்கள் பி.ஆர்.எல். என்பார்கள், நாம் மாற்று மையம் என்று வைத்துக்கொள்வோம். பலருக்கு இது யாரும் சொல்லித்தராமல் சில வாரங்களில், சில மாதங்களில் தானாகவே அமைந்துவிடும். தனக்கு அப்படி அமைந்திருப்பதே தெரியாமல் நேராகத்தான் பார்க்கிறேன் என்று சாதிப்பவர்களும் உண்டு.

வலங்கைமான் பக்கம் எங்கள் அத்தை ஒருவர். மார்கழியில் தெருவே அவர் கோலத்தைப் பார்க்க வரும். ஒரு வருஷம் புள்ளி வரிசை வயிற்றுப் பக்கம் வளைந்து தெரிகிறது, நடுவில் இரண்டு மூன்று புள்ளியே இல்லை என்றார். கண்ணில் சோப்பு பட்டு ஒரு கண்ணை மூடிக்கொண்டபோதுதான் எந்தக் கண் என்று தெரிந்தது. பிறகு இன்னொரு கண்ணுக்கும் வந்தது. இப்போது அவர் தேதி பார்ப்பதைக் கவனித்தால் வேடிக்கையாக இருக்கும். கூடத்துச் சுவரில் தினசரி காலண்டர். அத்தை அதன் எதிரே ஒரு முழத்தில் போய் நிற்பார். முகம் சற்று நிமிரும். கண் தேதிக்குப் போகாது, காலண்டர் மாட்டியிருக்கும் ஆணியில் போய் நிற்கும். இரண்டு முறை நழுவும், மறுபடி ஆணிக்குத் திரும்பும். “பதினேழு” என்பார். பெரிய எண் அவ்வளவு சுலபம். கீழே பொடி எழுத்தில் இருக்கும் ராகு காலத்துக்கு மட்டும் பேரனைக் கூப்பிட வேண்டும், அதற்கும் அவன் வருவதற்குள் மனப்பாடமாகவே சொல்லிவிடுவார்.

ஆணியைப் பார்க்கும்போது என்ன நடக்கிறது? ஓட்டை ஆணியோடு சேர்ந்து மேலே போய்விடுகிறது. அதற்குக் கீழே தேதி வெளியே வருகிறது. அத்தையின் மாற்று மையம் ஓட்டைக்குக் கீழ்ப்பக்கம் அமைந்திருக்கிறது, அவ்வளவுதான். எதிரே நிற்பவரின் முகம் வேண்டுமென்றால் அவர் தலைமுடிக்கு மேலே பார்ப்பார். புதிதாக வருபவர்கள் தங்களுக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

எந்தப் பக்கம் அமைகிறது என்பது வாசிப்புக்கு முக்கியம். தமிழ் இடமிருந்து வலம் போகும் எழுத்து. ஓட்டைக்கு இடப்பக்கத்தில் மாற்று மையம் அமைந்தவருக்கு, வரவேண்டிய அடுத்த சொல் எப்போதும் ஓட்டைக்குள் இருக்கும். எங்கே தாவ வேண்டும் என்று கண்ணுக்குத் தெரியாது, தட்டுத் தடுமாறும். வலப்பக்கம் அமைந்தவர் வரியின் முடிவைக் கண்டுவிடுவார், அடுத்த வரியின் ஆரம்பத்தைத் தொலைப்பார். கீழ்ப்பக்கம் அமைந்தவருக்கு வரி முழுவதும் ஓட்டைக்கு வெளியே கிடக்கும் என்பதால் பொதுவாக அதுதான் வசதி. ஆனால் கண் நம்மைக் கேட்டுக்கொண்டு தேர்ந்தெடுப்பதில்லை. சிலர் வெளிச்சத்தில் ஓரிடத்தையும் மங்கலில் இன்னோர் இடத்தையும் பயன்படுத்துவார்கள். இரண்டு கண்ணிலும் ஓட்டை வேறு வேறு வடிவில் இருந்தால், நன்றாக இருக்கும் கண் சொல்கிற திசைக்கு மற்றதும் இழுபட்டுப் போகும்.

இடத்தைக் கண்டுபிடித்ததோடு வேலை முடியவில்லை. தாவல் கணக்கின் பூஜ்யமும் மாற வேண்டும். முதலில் கண் பழைய நடுவைக் கொண்டுதான் தாவும், விழுந்த பிறகு இன்னொரு சின்னத் தாவல் போட்டு மாற்று மையத்துக்கு வரும். நாளாக ஆக, பழகியவர்களுக்கு ஒரே தாவலில் நேராக மாற்று மையத்தில் வந்து விழும். எல்லோருக்கும் முழுதாக இது கைகூடுவதில்லை. நிறுத்தமும் ஃபோவியாவில் நின்ற மாதிரி நிற்காது. ஒரு பாகைக்குள் அடங்கிய அசைவு இப்போது பல பாகைக்குப் பரவும். அத்தையின் கண் ஆணியிலிருந்து இரண்டு முறை நழுவியது அதனால்தான். விழித்திரையைப் பார்த்துக்கொண்டே ஒளிப்புள்ளிகளைக் காட்டிச் சோதிக்கும் மைக்ரோபெரிமெட்ரி கருவியில் ஓட்டை எவ்வளவு, மாற்று மையம் எங்கே, கண் எவ்வளவு நழுவுகிறது என்று மூன்றையும் ஒரே படத்தில் பார்த்துவிடலாம்.

எழுத்தைப் பெரிதாக்கினால் மட்டும் போதாது

மாற்று மையத்தில் கூம்பு செல்கள் அடர்த்தி குறைவு. அதனால் எழுத்து பல மடங்கு பெரிதாக வேண்டும். சரி, பூதக்கண்ணாடி வாங்கிக் கொடுத்தாயிற்று. இருந்தும் படிக்க முடியவில்லை என்கிறாரே?

அதற்குக் காரணம் நெரிசல். ஓரப் பார்வையில் ஒரு எழுத்து தனியாக இருந்தால் தெரியும், பக்கத்தில் மற்ற எழுத்துகள் வந்துவிட்டால் ஒன்றோடொன்று கலந்துவிடும். நெதர்லாந்தைச் சேர்ந்த ஹெர்மன் பௌமா 1970-இல் இதற்கு ஒரு தோராயக் கணக்குச் சொன்னார். நடுவிலிருந்து ஒரு எழுத்து எத்தனை பாகை தள்ளியிருக்கிறதோ, அதில் பாதித் தூரத்துக்குள் வரும் எழுத்தெல்லாம் அதைக் குழப்பும். 10 பாகை தள்ளிப் பார்ப்பவருக்கு 5 பாகைக்குள் இருக்கும் எதுவும் தொந்தரவுதான்.

தமிழுக்கு இது கூடுதல் சங்கடம். பேருந்துப் பலகையில் ‘கொள்ளிடம்’ என்று எழுதியிருந்தால் கொம்பும் காலும் புள்ளியும் விசிறியும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. புள்ளி தெரியாவிட்டால் சொல் கெட்டுப்போகும். ஒரு சொல்லே ‘வந்துகொண்டிருக்கிறார்களாம்’ என்று நீளும் மொழி நம்முடையது. மிகவும் பெரிதாக்கினால் பூதக்கண்ணாடிக்குள் ‘கொண்டி’ மட்டும் நிற்கும். ஆக, எழுத்து பெரிதாக வேண்டும், எழுத்துக்கும் வரிக்கும் இடைவெளி வேண்டும், ஆனால் ஒரு சொல்லின் பெரும்பகுதி ஒரே பார்வைக்குள் வர வேண்டும். எந்த அளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும். செய்தித்தாளில் தலைப்பை மட்டும் படித்துவிட்டு மடித்து வைக்கும் தாத்தாவுக்குச் சோம்பேறித்தனம் ஒன்றும் இல்லை.

இதற்கெல்லாம் பழக்கம் கொடுக்க முடியும். பயிற்சியாளர்கள் செய்யும் எளிய முறை ஒன்று. நீங்கள் எதிரே உட்கார்ந்து, உங்கள் முகத்தை ஒரு கடிகாரத்தின் நடு என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடி, முதலில் 12 மணி இருக்கும் இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், அப்புறம் 3, 6, 9. எங்கே பார்க்கும்போது உங்கள் மூக்கும் வாயும் அதிகம் தெரிகிறது என்று கேளுங்கள். அவசரப்படுத்த வேண்டாம். “மேலே பாத்தா மூக்குத்தி தெரியுது” என்று அவர்களே சொல்வார்கள். பிறகு அதே திசையைக் காலண்டர் எண், சுவர்க் கடிகாரம், ஒற்றை எழுத்து எழுதிய அட்டை என்று பெரிதிலிருந்து சிறிதாகப் பழக்கலாம். தினமும் கொஞ்ச நேரம். அரை மணி நேரம் இழுத்தால் தலைவலிதான் மிஞ்சும்.

வாசிப்புக்கு இன்னொரு வழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. கண்ணை நகர்த்தாமல் காகிதத்தை நகர்த்துவது. கண்ணை மாற்று மையத்தில் நிறுத்திக்கொண்டு தாளை மெல்ல இடப்பக்கம் இழுத்தால், சொற்கள் ஒவ்வொன்றாக வந்து சேரும். தாவல் சரியாக விழாத கண்ணுக்குத் தாவலே வேண்டாம் என்று விடுவது இது. ஒரு கறுப்பு அட்டையில் ஒரு வரி தெரியும் அளவுக்கு நீளமாகச் சன்னல் வெட்டி வைத்துக்கொண்டால் மேல் வரியும் கீழ் வரியும் குழப்பாது. வெளிச்சம் தோளுக்குப் பின்னாலிருந்து தாளின் மேல் விழ வேண்டும், கண்ணில் அல்ல.

அடுக்களையிலும் இதே யோசனைதான், நிற வேறுபாட்டைக் கூட்டுவது. எவர்சில்வர் தட்டில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்குவது சிரமம், கறுப்புத் துணியில் பரப்பினால் அரிசி பளிச்சென்று தெரியும். பால் ஊற்ற அடர் நிற டம்ளர் நல்லது.

நேராகப் பார் என்று சொல்லாதீர்கள்

வீட்டார் செய்யும் பெரிய கெடுதல் ஒன்று உண்டு, அதுவும் நல்லெண்ணத்தோடு. “என்னப்பா எங்கேயோ பார்க்கிறீங்க, என்னைப் பாருங்க” என்று தாடையைப் பிடித்துத் திருப்புவது. அவர் உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், நீங்கள் திருப்பியதும் நீங்கள் மறைந்துவிட்டீர்கள். கல்யாண வீட்டில் போட்டோ எடுப்பவர் சொல்வதற்குத் தலையாட்டலாம், போனால் போகிறது. ஆனால் பேசும்போது அந்தக் கண் எங்கே நிற்கிறதோ அங்கேயே நிற்கட்டும். வீட்டுக்குள் நுழையும்போது நீங்களே பெயரைச் சொல்லிவிடுங்கள். “நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்” என்ற விளையாட்டு மட்டும் வேண்டவே வேண்டாம்.

பள்ளிக்கூடத்தில் இது இன்னும் கொடுமை. ஸ்டார்கார்ட் நோய் உள்ள பிள்ளை பலகையைப் பார்க்கச் சன்னல் பக்கம் பார்க்கும். “வேடிக்கை பார்க்காதே” என்று ஆசிரியர் அதட்டுவார். பிள்ளை நேராகப் பார்க்கும், பலகை போய்விடும். இரண்டு மூன்று முறை அடி வாங்கிய பிள்ளை தன் மாற்று மையத்தையே பயன்படுத்தத் தயங்கும். ஆசிரியரிடம் ஒரு தடவை நேரில் போய்ச் சொல்லிவிடுவது, முதல் பெஞ்சுக்குக் கேட்பதைவிட அவசியம். எந்தப் பக்கம் பார்த்தால் பிள்ளைக்குத் தெரிகிறதோ அதற்கு ஏற்றபடி உட்கார வைக்கலாம்.

பயப்பட வேண்டியதும் வேண்டாததும்

நேர்க்கோடு வளைந்து தெரிந்தால் காத்திருக்கக் கூடாது. வாசற்கால், மின்கம்பம், சன்னல் கம்பி, கோலப் புள்ளி எதுவானாலும் சரி. ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்க்க வேண்டும். இரண்டையும் திறந்து பார்த்தால் நல்ல கண் மறைத்துவிடும். சுவிட்சர்லாந்து மருத்துவர் மார்க் ஆம்ஸ்லர் பெயரில் 10 சென்டிமீட்டர் சதுரத்தில் 5 மில்லிமீட்டர் கட்டங்கள் போட்ட ஒரு தாள் இருக்கிறது, கண் மருத்துவமனைகளில் கேட்டால் கொடுப்பார்கள். ஈர வகைக்குக் கண்ணுக்குள் போடும் ஊசிகள் உண்டு. அவற்றில் ஒன்றான ரானிபிசுமாப் 2006-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சீக்கிரம் போனால் மிச்சமிருப்பதைக் காப்பாற்றலாம், செத்த செல்லை எழுப்ப முடியாது. உலர் வகையில் நடுத்தர நிலையில் இருப்பவர்களுக்குக் குறிப்பிட்ட விட்டமின், துத்தநாகக் கலவை நோய் முற்றும் வாய்ப்பை 5 ஆண்டுகளில் சுமார் நான்கில் ஒரு பங்கு குறைத்ததாக 2001-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. டாக்டர் சொல்லாமல் வாங்கிச் சாப்பிடுவதற்கில்லை. பொன்னாங்கண்ணி சாப்பிடுங்கள், நல்ல கீரைதான், ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் கீரையை நம்பி இருக்காதீர்கள். பீடி, சிகரெட்டை விட்டே ஆக வேண்டும்.

பயப்பட வேண்டாதது ஒன்று. பார்வை குறைந்தவர்களில் சிலருக்கு இல்லாதது தெரியும். சுவரில் பூ வேலை, முற்றத்தில் குட்டிக் குட்டி மனிதர்கள், தலைப்பாகை கட்டியவர்கள். 1760-இல் ஜெனீவாவைச் சேர்ந்த சார்ல் போனே, பார்வை மங்கிய தன் தாத்தாவுக்கு இப்படித் தெரிந்ததை எழுதிவைத்தார். அவர் பெயரிலேயே இதைச் சொல்கிறார்கள். கண்ணிலிருந்து செய்தி வராததால் மூளையின் பார்வைப் பகுதி தானே படம் போடுகிறது, புத்தி கெட்டுப்போகவில்லை. நம்மூரில் இதைச் சொன்னால் மந்திரிக்க அழைத்துப் போவார்கள் என்று பயந்து பெரியவர்கள் வாயே திறப்பதில்லை. நீங்களே மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் இடமும் வலமுமாகச் சில முறை ஓட்டினால் பலருக்கு அந்தப் படம் கலைந்துவிடும். இங்கேயும் கண் நகர்வுதான் கைகொடுக்கிறது. இல்லாததை உண்மை என்றே நம்பினால், குரலும் கேட்கிறது என்றால், அது வேறு, டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

எங்கே போவது

“இதுக்கு மேல ஒண்ணும் செய்யறதுக்கில்லை” என்று ஒரு டாக்டர் சொன்னால், மருந்தும் ஊசியும் முடிந்தது என்றுதான் பொருள் கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு போக வேண்டிய இடம் ‘லோ விஷன்’, அதாவது குறைபார்வைப் பிரிவு. பெரிய கண் மருத்துவமனைகளில் இது தனியாக இருக்கும். டெல்டாவிலிருந்து திருச்சியோ மதுரையோ போகிறவர்கள் கண்ணைச் சோதித்ததோடு திரும்பாமல், இந்தப் பிரிவு எங்கே என்று கேட்டு அங்கே போக வேண்டும். மாற்று மையம் எங்கே இருக்கிறது, எத்தனை மடங்கு பெரிதாக்க வேண்டும், கையில் பிடிக்கும் கண்ணாடியா நிற்க வைக்கும் கண்ணாடியா என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும்.

போகும்போது பையில் வீட்டுச் சாமான் நாலைந்தை எடுத்துப்போங்கள். படிக்க ஆசைப்படும் செய்தித்தாள், மாத்திரை அட்டை, ரேஷன் கார்டு, போன், தினசரி காலண்டரில் கிழித்த ஒரு தாள். அங்கே சுவரில் இருக்கும் எழுத்துப் பலகையைப் படிப்பது வேறு, மாத்திரை அட்டையில் இருக்கும் பெயரைப் படிப்பது வேறு. கூடவே பார்வை அளவை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டில் நன்றாக இருக்கும் கண்ணில், கண்ணாடி போட்ட பிறகும், 6/18-க்கும் (நல்ல பார்வை 18 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில்தான் படிக்க முடிவது) கீழே 3/60 வரை இருந்தால் 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி அது குறைபார்வை. சான்றிதழுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம், முகாம் தேதியையும் அங்கேயே சொல்வார்கள்.